மதிலுக்குள் எடுத்த படங்கள்

திருவானைக்காவலில் வளர்ந்தோர்க்கு மதில் புதிதன்று. ஜம்புகேசுவரர் திருக்கோயிலின் வெளிமதிலைச் சிவபெருமானே சித்தராய் வந்து கட்டுவித்தார் என்றும், மாலைதோறும் அவர் கூலியாக அளித்த திருநீறு அவரவர் உழைப்புக்கு ஏற்பப் பொன்னாயிற்று என்றும் பெரியோர் கூறுவர். ஆதலின் அது திருநீற்றான் மதில் எனப் பெயர் பெற்றது. இத்திருக்கோயிலுக்குள்ளேதான் 1752ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிரெஞ்சுத் தளபதி ழாக் லா தம் படையோடு முற்றுகையுண்டு, ஆங்கிலத் தளபதி லாரன்சிடம் சரண் புகுந்தார். காவல் என்று கருதிப் புகுந்த இடம் அவருக்குச் சிறையாய் முடிந்தது.

மெய்யான சிறையும் எங்கள் நகரில் உண்டு. 1930இல் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்து சென்று உப்பெடுத்த இராஜாஜி அவர்கள் அடைபட்டது அச்சிறையிலேயே. ஆயினும் அது இன்னும் உயிரோடிருக்கும் சிறை. அதன் வாயிலில் காமிராவைத் தூக்கிப் பிடிப்பவன் காவலர்க்கு விடை கூற வேண்டியிருக்கும். எனவே, சென்னை மத்திய சிறையை இடிக்கப் போகிறார்கள் என்றும், அதற்கு முன் பொதுமக்கள் உட்சென்று பார்க்கலாம் என்றும் 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பத்திரிகைகளில் கண்டபோது, இக்கல்லூரியில் அப்போது பயின்றுகொண்டிருந்த நாங்கள் நால்வரும் ஒரு காமிராவுடன் மலைக்கோட்டை விரைவு வண்டியில் ஏறினோம்.

அச்சிறை 1837இல் எழுந்தது. 2006இல் கைதிகள் புழலுக்கு மாற்றப்பட்ட பின்னர் வெறிச்சோடிக் கிடந்தது. சுபாஷ் சந்திர போஸ் 1932இல் நோயுற்ற உடலோடு இருந்த இடம் அது; அண்ணாதுரை அவர்களும் அங்கே தண்டனை அனுபவித்தார். 2001இல் அதன் வாயில்வரை கொண்டுவரப்பட்ட மு. கருணாநிதி அவர்களே அதனை இடித்த காலத்தில் முதலமைச்சராய் இருந்தார் என்பது வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று. 1999 நவம்பரில் உள்ளே மூண்ட கலகத்தில் துணைச் சிறையதிகாரி ஒருவரும் கைதிகள் பலரும் மாண்டனர்.

சென்று பார்த்தால் திருவிழாக் கூட்டம்! குழந்தைகளைத் தோளில் சுமந்த தந்தைமார், தின்பண்டப் பொட்டலங்கள், கம்பிக் கதவைப் பற்றிக்கொண்டு கைதி போல் முகத்தை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் இளைஞர். இக்காட்சி எங்களுக்குச் சற்றும் உவப்பாயில்லை. நாங்களும் அக்கூட்டத்தில் நால்வரே என்பதையும் மறந்தோமில்லை. கொட்டடிக்குள் வெளிச்சம் மிகக் குறைவு. உயரத்தில் ஒரு சிறு சாளரம்; அதன் வழியே விழும் ஒளி சுவரின் பாதியளவுகூட இறங்கவில்லை. பூட்டுகள் துருவேறியிருந்தன. புறாவின் எச்சமும் பழைய சுண்ணாம்பும் கலந்த நாற்றம்.

வாயிற்படி ஒன்றில் முதியவர் ஒருவர் பெயர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார். எங்கள் காமிரா அவர் பக்கம் திரும்பக் கண்டு, “தம்பி, கட்டடத்தை எடுத்துக்கோங்க. என்னை எடுக்க வேணாம்” என்றார். “மன்னிக்க வேண்டும் ஐயா” என்று கருவியைத் தாழ்த்தினோம். அவர் அங்கே வேடிக்கை பார்க்க வந்தவரல்லர் என்பது அவர் அச்சுவரைத் தடவிய விதத்திலேயே விளங்கிற்று. அச்சிறுமி அவரை ஏதோ கேட்டாள். அவர் விடை சொல்லாமல் அவளை எழுப்பிக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் மிகுந்த நேரம் நின்றது பெயர்பெற்றோர் எவரும் தங்கியிராத ஒரு கொட்டடியில். அதன் சுவரில் ஆணியாலோ கரண்டிக் காம்பாலோ கீறிய எழுத்துக்கள் நிறைந்திருந்தன. தெய்வங்களின் பெயர்கள், ஒரு தாயின் பெயர், ஒரு கணக்கு, ஒரு வசைச்சொல். மூலையில் ஒருவன் தன் பெயரையும் ஊரையும் எழுதியிருந்தான். அவ்வூர் கொள்ளிடத்துக்கு வடகரையில் உள்ளது. எங்களுள் ஒருவருக்கு அங்கே உறவினர் உண்டு. பெயரின்கீழ் நாள்தோறும் ஒன்றாக இட்ட கோடுகள். எண்ணினோம்: 212. அதற்குப்பின் கோடு இல்லை. விடுதலையோ, வேறு சிறையோ, சலிப்போ, அறியோம். அச்சுவரை மூன்று முறை படமெடுத்தோம்.

அவ்வாண்டிலேயே கட்டடம் இடிபட்டது. அவ்விடம் சென்னை மருத்துவக் கல்லூரிக்குச் சேர்ந்தது. அந்தமான் சிறையின் ஏழு சிறகுகளில் மூன்றையேனும் காத்து 1979இல் தேசிய நினைவுச் சின்னமாக்கினர். வ.உ.சி. இழுத்த செக்கும் கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. அவற்றைக் காத்தது நன்றே. பெயரில்லாதவன் கீறிய சுண்ணாம்பை யார் காப்பார்? விடுதியில் எங்கள் படங்களைக் கண்ட தோழர் யாவரும் “போஸ் இருந்த அறை எது?” என்றே வினவினர்.

இவ்விதழுக்கு அச்சுவரின் படத்தைத் தருமாறு கேட்டபோது நால்வரும் மீண்டும் கூடினோம். “சுவர் போயிற்று, அவன் எழுத்து இப்படத்தில் மட்டுமே உள்ளது, அதையும் மறைப்பது அவனை இரண்டாம் முறை அடைப்பதாகும்” என்றார் ஒருவர். “அவன் தண்டனையை முடித்து அவ்வூரிலேயே பிள்ளைகுட்டிகளோடு வாழ்வானாயின்? இவ்விதழ் அவ்வூருக்கும் போகிறதே” என்றார் மற்றொருவர். படியில் அமர்ந்திருந்த முதியவரை எவரும் வாய்விட்டுக் குறிப்பிடவில்லை. எனினும் எல்லாரும் அவரையே எண்ணினோம் என்பது தெரிந்தது. பேச்சு இரவு பத்து மணிவரை நீண்டது. இறுதியில் பெயரும் ஊரும் நீங்கலாகக் கோடுகள் உள்ள பகுதியை மட்டும் வெட்டிப் பத்திராதிபரிடம் கொடுத்தோம். முழுப்படம் எங்களிடமே இருக்கிறது.