தீர்த்தமலை: உடல் அறிந்து ஏறும் திருமலை

தருமபுரி மாவட்டம் அரூரிலிருந்து ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில் உள்ளது தீர்த்தமலை. அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற திருத்தலம். மலைமீது தீர்த்தகிரீஸ்வரரும் வடிவாம்பிகை அம்மையும் எழுந்தருளியிருக்கின்றனர். இராமர், குமாரர், கௌரி, அகத்தியர், அக்னி என்னும் திருப்பெயர்களால் வழங்கும் ஐந்து தீர்த்தங்கள் இம்மலையின் தனிச்சிறப்பு. அவற்றுள் இராமர் தீர்த்தம் உயர்ந்த பாறை முகட்டிலிருந்து தாரையாக வீழ்வது. கோடையிலும் அது வற்றுவதில்லை என்று இவ்வட்டார மக்கள் கூறுவர்.

இலங்கையிலிருந்து மீண்ட இராமபிரான் இங்கே சிவபூசை செய்ய எண்ணினார் என்கிறது தலவரலாறு. காசித் தீர்த்தம் கொணரச் சென்ற அனுமன் வரத் தாமதமாயிற்று. வேளை தவறலாகாது என்று இராமபிரான் பாறையில் அம்பு எய்ய, அங்கே நீர் பெருகியது. பின்னர் வந்து சேர்ந்த அனுமன், தான் கொணர்ந்த தீர்த்தத்தை வருத்தத்துடன் வீசியெறிந்தார். அது விழுந்த இடமே தென்பெண்ணைக் கரையிலுள்ள அனுமன் தீர்த்தம்.

இத்தலத்தை நாடி வருவோரில் மணிவிழாவும் சதாபிஷேகமும் கண்ட பெரியோர் பலர். இளமையில் நேர்ந்துகொண்ட பிரார்த்தனையை எழுபதாம் வயதில் நிறைவேற்ற வருவோரும் உண்டு. நேர்ந்துகொண்ட நாளில் இருந்த முழங்கால் வேறு, நிறைவேற்றும் நாளில் இருக்கும் முழங்கால் வேறு. இதனைச் சொன்னால் பக்தியில் குறை காண்பதாகச் சிலர் மனம் வருந்துவர். உண்மையில், எந்த மலை தமக்குரியது என்று முன்கூட்டித் தெரிந்து செல்வதும் யாத்திரையின் ஒரு பகுதியே. கயிலை மானசரோவர் யாத்திரைக்கு நமது வெளியுறவு அமைச்சகம் வயது வரம்பை 70 என்று வைத்து, மருத்துவப் பரிசோதனையையும் கட்டாயமாக்கியிருக்கிறது. அமர்நாத் யாத்திரைக்கும் மருத்துவச் சான்றிதழ் இன்றியமையாதது.

தமிழகத்து மலைத்தலங்கள் எல்லாம் ஒரு தரத்தன அல்ல. கோவையை அடுத்த வெள்ளியங்கிரி ஏழு மலைகளைக் கடந்து ஏற வேண்டியது. 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் ஏறும்போது உடல்நலம் குன்றி அடியார்கள் சிலர் உயிரிழந்த செய்தி பலர் நினைவில் இருக்கும். திருவண்ணாமலை மாவட்டத்துப் பருவதமலையில் செங்குத்தான பாறைகளில் இரும்புக் கம்பிகளையும் சங்கிலிகளையும் பற்றி ஏற வேண்டிய இடங்கள் உள்ளன. சதுரகிரியிலோ முன்பு குறித்த நாள்களில் மட்டுமே அனுமதி இருந்தது. ஓடைகளில் திடீர் வெள்ளம் வரும் அபாயமும் உண்டு. இவற்றோடு ஒப்பிட்டால் தீர்த்தமலை எளியது. எனினும் வெயிலும் ஏற்றமும் சேர்ந்தால் அறுபது கடந்த உடலுக்கு அதுவும் உழைப்புத்தான். முற்றிலும் ஏற இயலாதோர்க்குப் பழனியில் இழுவை ரயிலும் ரோப் காரும் இருக்கின்றன. சோளிங்கரிலும் 2024 முதல் ரோப் கார் இயங்குகிறது.

தம் உடல் எந்த மலைக்கு ஈடுகொடுக்கும் என்பதை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். மாடிப்படியில் நிதானமாக ஏறும்போது அருகில் இருப்பவரோடு தடையின்றி முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால், அன்றைய வேகம் அதிகம் என்று பொருள். இரத்த அழுத்தத்திற்கென இதயத்துடிப்பை மட்டுப்படுத்தும் மாத்திரை உண்போர்க்கு நாடித்துடிப்பு ஏறாது. ஆகவே நாடியை எண்ணி ஏமாறாமல் மூச்சையே அளவாகக் கொள்வது நல்லது. புறப்படுவதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பிருந்தே நாள்தோறும் நடையும், ஒன்றுவிட்டு ஒருநாள் படியேற்றமும் பழகிவந்தால், மலையில் உடல் புதிதாக அஞ்சாது. இதய நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் எம்மலையையும் குறிக்கலாகாது.

காலக் கணக்கும் உண்டு. ஸ்காட்லாந்து மலையேறுநர் நெய்ஸ்மித் என்பவர் 1892ஆம் ஆண்டிலேயே ஒரு கணக்கு வகுத்தார். சமநிலத்தில் மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம். ஏறும் உயரத்தில் ஒவ்வோர் இரண்டாயிரம் அடிக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இது திடகாத்திரமானவர்க்கு உரியது. முதியோர் இக்கணக்கை இரட்டித்துக்கொண்டு, அதற்கும் மேல் ஓய்வு நேரத்தைச் சேர்த்தால் பொழுது சாயுமுன் இறங்கிவிடலாம்.

விரதமும் மருந்தும் முரண்படும் இடம் ஒன்று உண்டு. இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுத்துக்கொண்டு, தரிசனம் முடியும்வரை உண்ணாதிருப்போர் படியில் மயங்கி விழக் காரணம் பெரும்பாலும் சர்க்கரை தாழ்வதே. மருத்துவரிடம் முன்பே கேட்டு மருந்தின் அளவை முறைப்படுத்திக்கொண்டு, மடியில் கற்கண்டு சிறிது வைத்திருக்க வேண்டும். வெறுங்காலுடன் ஏறுவோரில் சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்க்குப் பாறைச் சூடு தெரியாது. கொப்புளம் எழுந்த பின்னரே தெரியும். தருமபுரிச் சீமையின் பங்குனி, சித்திரை வெயில் பாறையில் படிந்தால் நண்பகலில் நிற்கவே இயலாது. விடியற்காலையில் ஏறி, வெயில் ஏறுமுன் இறங்குவதே அங்கு முறை. மாசி மகப் பெருவிழாவில் கூட்டம் மிகும்; நிதானமாக ஏற விரும்பும் முதியோர்க்கு விழா நாள் தவிர்த்த சாதாரண நாளே உகந்தது.

கோடையில் காட்டுவழி மலையைத் தவிர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்ற குழுவினரில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் வனத்துறையின் அனுமதி விதிகள் கடுமையாயின. ஆகவே யாத்திரைக் குழுவோடு காட்டுமலைக்குச் செல்வோர், அனுமதி பெறப்பட்டதா என்று முதலில் கேட்பது கடமை. தமிழக அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 தடங்களை எளியது, இடைநிலை, கடினம் என்று வகைப்படுத்தியிருக்கிறது. அந்தந்த மலைவாழ் மக்களில் பயிற்சி பெற்றோர் வழிகாட்டுகின்றனர். இந்த வகைப்படுத்தும் பழக்கம் நம் ஆன்மிகச் சுற்றுலா அமைப்பாளர்களிடமும் வருமானால் நன்று. படிகள் எத்தனை, நிழல் மண்டபம் எங்கே, பின்தங்குவோர் அருகில் யார் நிற்பார், திரும்ப முடியாதோரை இறக்க என்ன ஏற்பாடு என்ற நான்கு கேள்விகளுக்கு விடை கூறத் தயங்கும் வழிகாட்டியுடன் முதியோர் மலையேறுவது தகாது.

ஏற்றத்தைவிட இறக்கமே முழங்காலுக்குக் கடுமை. ஏறும்போது தளர்வது மூச்சு, இறங்கும்போது தளர்வது தொடை. வழுக்கல்கள் பெரும்பாலும் இறக்கத்தில்தான் நேர்கின்றன. ஆதலால் பாதி வலிமையைத் திரும்பும் வழிக்கு மீதி வைத்துக்கொள்வது மலைப்பயணத்தின் பழைய கணக்கு. கைத்தடி ஒன்று குரங்குகளை விலக்கவும், பக்கவாட்டில் ஊன்றி இறங்கவும் உதவும். தீர்த்தத்தில் நீராடுவோர் பாசி படிந்த ஈரப்பாறையில் இளையோர் கையைப் பற்றிக்கொண்டே நிற்க வேண்டும். நெஞ்சு இறுக்கம், இடக்கை அல்லது தாடையில் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவற்றுள் எது தோன்றினும், "இன்னும் பத்துப் படிதானே" என்று எண்ணாமல் அமர்ந்து உதவி கேட்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் பலருக்குத் தயக்கம் எழுகிறது. மகனும் பேரனும் முன்னே செல்ல, தாம் பாதியில் அமர்வது இழுக்கு என்று சில பெரியவர்கள் வாய் திறவாமல் தொடர்கின்றனர். தீர்த்தமலையில் இத்தயக்கத்திற்கே இடமில்லை. மலையடிவாரத்திலும் தீர்த்தகிரீஸ்வரருக்கும் வடிவாம்பிகைக்கும் திருக்கோயில் உண்டு. குடும்பத்தார் மேலே சென்று வரும்வரை முதியோர் அங்கே அமர்ந்து வழிபடலாம். மேலிருந்து தீர்த்தம் கொணர்ந்து தருவது இளையோர்க்கும் ஒரு பணிவிடை.

மலையேற இயலாதோர் நேரே ஊத்தங்கரைச் சாலையிலுள்ள அனுமன் தீர்த்தத்திற்கும் செல்லலாம். அங்கே ஆற்றங்கரை வரை வாகனம் செல்லும். அனுமன் தீர்த்தத்தில் முதலில் நீராடிப் பின்னரே தீர்த்தமலைக்குச் செல்வது மரபு என்பதால், மலையில் ஏற இருப்போரும் இல்லாதோரும் அக்கரையில் ஒன்றாகவே யாத்திரையைத் தொடங்குகின்றனர்.