சாவா மூவா அஞ்சல்தலை

நுழையும்முன்

விலையைக் கொடுத்துப் பொருளை உடனே பெறுவது அன்றாட வணிகம். விலையை இன்று கொடுத்துவிட்டுப் பணியை என்றோ ஒருநாள் பெற்றுக்கொள்ளலாம் என்னும் உறுதியைக் கையில் வாங்குவதே அஞ்சல்தலை. அவ்வுறுதி எத்தனை ஆண்டுகள் செல்லும்? கட்டணம் ஏறினால் அதன் நிலை என்ன? திருவண்ணாமலைக்கு உரிய ஓர் அஞ்சல்தலையிலிருந்து தொடங்கி இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

காசு போயிற்று, தலை நின்றது

1971ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட தலையில் இரமண மகரிஷியின் முகம் இருந்தது. பதினாறு வயதில், 1896ஆம் ஆண்டு, மதுரையிலிருந்து புறப்பட்டுத் திருவண்ணாமலை வந்தவர் அவர். அதன்பின் 1950 ஏப்ரல் 14இல் மறையும்வரை அண்ணாமலையை விட்டு அவர் நீங்கவேயில்லை. ஊரைவிட்டு வெளியே செல்லாத அவருடைய முகம் நாடு முழுவதும் பயணம் செய்தது, அச்சிறு தாளின் வழியாகத்தான்.

அத்தலையின் மதிப்பு 20 பைசா. அந்நாளில் உள்நாட்டுக் கடிதம் ஒன்றை உறையிலிட்டு அனுப்புவதற்கான கட்டணமும் அதுவே. செங்கத்திற்கு எழுதினாலும் சிம்லாவிற்கு எழுதினாலும் அந்த ஒரு தலை போதுமானதாக இருந்தது. ஆயினும் ஏழு திங்கள்தான் அந்த நிலை நீடித்தது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அடைக்கலம் தேடி வந்தோரின் துயர் துடைப்பதற்காக, 1971 நவம்பர் 15 முதல் கடிதங்களில் 5 பைசா தலை ஒன்றைக் கூடுதலாக ஒட்டவேண்டும் என அரசு ஆணையிட்டது. 1973 மார்ச்சு இறுதிவரை அந்த ஆணை நடப்பில் இருந்தது. ஏப்ரலில் கடிதத்தைத் தனியே சுமந்து சென்ற தலைக்கு, நவம்பரில் துணை ஒன்று தேவைப்பட்டது. அதன் பிறகு வந்த கட்டண உயர்வுகள் ஒவ்வொன்றும் துணைகளின் எண்ணிக்கையைப் பெருக்கின.

இன்று 20 கிராம் வரையுள்ள உறைக்கு 5 ரூபாய். பழைய 20 பைசா தலைகளை மட்டுமே கொண்டு ஒருவர் கடிதம் அனுப்ப விரும்பினால் இருபத்தைந்து தலைகளை ஒட்ட வேண்டும். உறையின் முகப்பில் முகவரிக்கு இடம் இராது. பின்புறத்தையும் நாட வேண்டியிருக்கும். அஞ்சலகத்தில் இருப்பவர் ஒவ்வொரு தலையின் மீதும் முத்திரை விழும்படி குத்தியாக வேண்டும். அவருடைய முகம் மலராது என்பது உறுதி. ஆயினும் அக்கடிதத்தை அவர் மறுத்தல் முறையாகாது. 20 பைசா நாணயம் 2011 ஜூன் 30உடன் நாட்டில் செல்லாததாகிவிட்டது. 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்கள் யாவும் அன்றோடு விடைபெற்றன. அந்தக் காசைக் கொண்டு கடையில் ஒரு மிட்டாயும் வாங்க இயலாது. அதே மதிப்பைத் தாங்கிய தலையோ அஞ்சலகத்தில் இன்றும் 20 பைசாவாகவே எண்ணப்படும்.

இதில் வியப்பு ஒன்றுமில்லை. நாணயம் கைமாறிக்கொண்டே இருக்கும் பொருள். அதனை அரசு திரும்பப் பெற்றுக்கொண்டு வேறு நாணயம் கொடுத்துவிடலாம். அஞ்சல்தலை அப்படிப்பட்டதன்று. அது முன்பணத்திற்கான பற்றுச்சீட்டு. பணம் வாங்கியாயிற்று; பணி இன்னும் செய்யப்படவில்லை. முத்திரை விழும்வரை அக்கடன் தீர்வதில்லை. முத்திரை விழுந்த தலையைக் கழுவி எடுத்து மீண்டும் ஒட்டுவது குற்றமாவதும் இதனாலேயே. தீர்ந்த கடனை இரண்டாம் முறை கேட்பது போன்றது அது.

ஒரு வீட்டின் பழைய பெட்டியில் பாட்டனார் வாங்கிவைத்த தலைகள் சில முத்திரை படாமல் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், அவற்றைக் கண்டெடுக்கும் பேத்தி அவற்றை வீணெனக் கருதி எறிய வேண்டியதில்லை. கிழியாமலும் கறைபடியாமலும் இருப்பவற்றைக் கூட்டிப் பார்த்து, குறையும் தொகைக்குப் புதிய தலை வாங்கிச் சேர்த்து ஒட்டினால் கடிதம் செல்லும். (ஒட்டுவதற்கு முன் அஞ்சல்தலை சேகரிப்பவர் ஒருவரிடம் காட்டுவது நன்று. அச்சிட்ட மதிப்பினும் மிகுதியான விலை சிலவற்றுக்கு அவரிடம் கிடைக்கக்கூடும்.) குறையும் தொகையைச் சேர்க்காமல் பெட்டியில் இட்டுவிட்டால், குறைவின் இருமடங்கைக் கடிதம் பெறுபவர் கொடுக்க நேரிடும். ‘நாட் பெய்டு’ என்று ஊர்ப்பேச்சில் வழங்கும் அத்தகைய கடிதத்தை யாரும் மகிழ்ச்சியுடன் வாங்குவதில்லை.

கூலி கொடுப்பவர் யார்?

பெறுபவர் வாங்க மறுக்கும் கடிதம் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் மாதவி தாழை மடலில் எழுதி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்பிய கடிதத்தைக் கோவலன் ஏற்க மறுத்தான். அவன் மறுத்தது ஊடலால். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஏழை மக்கள் மறுத்ததோ காசின்மையால். அந்நாளில் கடிதக் கூலியைப் பெரும்பாலும் பெறுபவரே கொடுத்தார். தொலைவுக்கும் தாளின் எண்ணிக்கைக்கும் ஏற்பக் கூலி ஏறியது. மறுக்கப்பட்ட கடிதத்தைச் சுமந்து வந்த உழைப்பு அஞ்சல்துறைக்கு வீண்.

அனுப்புபவர் முன்னதாகவே கட்டணம் செலுத்தவேண்டும், நாட்டுக்குள் எத்தொலைவாயினும் எடைக்கேற்ற ஒரே கட்டணம் வேண்டும் என்னும் கருத்தை 1837இல் ரோலண்டு ஹில் முன்வைத்தார். 1840 மே 6 முதல் உலகின் முதல் ஒட்டு அஞ்சல்தலை அங்கு நடப்புக்கு வந்தது. இந்தியா முழுமைக்குமான தலைகள் 1854 அக்டோபர் 1இல் வந்தன. கால் தோலா எடையுள்ள கடிதத்துக்கு அரை அணா. ஒரு தோலா என்பது ஏறக்குறைய 11.66 கிராம் ஆதலால், மெல்லிய தாள் ஒன்றே அவ்வெடைக்குள் அடங்கியிருக்கும்.

முன்பணம் என்னும் இந்த ஏற்பாடு இல்லையெனில் எத்தனையோ கடிதங்கள் எழுதப்படாமலே போயிருக்கும். திருவண்ணாமலையிலிருந்தே ஒரு சான்று கூறலாம். இரமணாசிரமத்தில் நாள்தோறும் நிகழ்ந்தவற்றையும் பேசப்பட்டவற்றையும் சூரி நாகம்மா என்னும் அம்மையார் 1945 முதல் தம் தமையனாருக்குத் தெலுங்கில் கடிதங்களாக எழுதிவந்தார். அவை பின்னர் நூலாயின, மொழிபெயர்க்கவும் பட்டன. நூல் எழுதும் எண்ணத்தோடு தொடங்காமல், உடன்பிறந்தாருக்கு ஊர்ச்செய்தி சொல்வதுபோல் எழுதப்பட்டதால்தான் அவற்றில் அடுக்களையும் பசுக்கொட்டிலும் இடம்பெற்றன.

சாவா மூவாப் பேராடு

அச்சிட்ட தொகை மாறாமல் இருக்க, அதனால் பெறக்கூடிய பணி தேய்ந்துகொண்டே போவது இந்திய அஞ்சல்தலையின் இயல்பு. தலை சாவதில்லை, ஆனால் மூப்படைகிறது. மூப்பும் அடையாத தலை ஒன்றை உருவாக்க இயலுமா? இதற்கு விடை தேடுவோர் அண்ணாமலையார் கோயிலைப் போன்ற பழங்கோயில்களின் சுவர்களைப் பார்க்கலாம்.

சோழர்காலக் கல்வெட்டுகள் நந்தா விளக்கு எரிப்பதற்கு அளிக்கப்பட்ட அறக்கொடைகளைக் கூறுகின்றன. விளக்கு ஒன்றுக்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகள் இடையர்களிடம் ஒப்படைக்கப்படும். அவர்கள் நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளக்க வேண்டும். ஆடு சாகும்; குட்டி பிறக்கும்; எண்ணிக்கை மட்டும் குறையக்கூடாது. ஆகவே அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் பெயரிட்டு அழைத்தன. சந்திரரும் சூரியரும் உள்ளவரை அறம் நிற்க வேண்டும் என்பது கொடையாளியின் விருப்பம்.

இங்கே உற்றுநோக்கத்தக்கது ஒன்று உண்டு. கொடையாளி, ‘நாள்தோறும் இத்தனை காசுக்கு நெய்’ என்று எழுதவில்லை. ‘நாள்தோறும் ஓர் உழக்கு நெய்’ என்றே எழுதினார். நெய்யின் விலை எத்துணை ஏறினாலும் விளக்கின் சுடர் சிறுத்துவிடாது. விலையேற்றத்தின் சுமை கொடையாளியை விட்டு, ஆட்டை ஏற்றவரின் தோளுக்கு மாறிவிடுகிறது. ஆடுகளும் பெருகுவதால் அச்சுமையை அவரால் தாங்க முடிந்தது.

அமெரிக்க அஞ்சல்துறை 2007 ஏப்ரல் 12இல் வெளியிட்ட தலை ஏறத்தாழ இவ்வகையினது. அதில் விலை அச்சிடப்படவில்லை. ‘என்றும்’ என்று பொருள்படும் சொல்லே பொறிக்கப்பட்டிருந்தது. அன்று அதன் விலை 41 சென்டு. என்றைக்கு ஒட்டினாலும் அன்றைய சாதாரணக் கடிதக் கட்டணத்துக்கு அது ஈடாகும். 2025 ஜூலையில் அக்கட்டணம் 78 சென்டாக உயர்ந்தது. பதினெட்டு ஆண்டுகளுக்குமுன் 41 சென்டுக்கு வாங்கியவர், 37 சென்டைக் கூடுதலாகச் செலுத்தாமலே அதனை ஒட்டலாம். கனடா 2006இலும் பிரிட்டன் அதற்கும் முன்பாக 1989இலும் விலை எழுதாத தலைகளைக் கொணர்ந்திருந்தன. பிரிட்டனின் தலையில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்னும் குறிப்பு மட்டும் இருந்தது.

இதனால் அஞ்சல்துறைக்கு இழப்பு இல்லையா எனின், ஓரளவு உண்டு. ஈடாக அது பெறும் நன்மைகளும் உள. கட்டணம் ஏறும்போதெல்லாம் ஒரு சென்டு, இரண்டு சென்டு எனச் சில்லறைத் தலைகளைக் கோடிக்கணக்கில் அச்சிட்டு விற்கும் தொல்லை நீங்குகிறது. பணிக்கான பணம் ஆண்டுகள் சிலவற்றுக்கு முன்பே கைக்கு வருகிறது. வாங்கப்பட்டவற்றில் ஒருபகுதி தொலைந்தோ மறக்கப்பட்டோ ஒட்டப்படாமலே போய்விடுகிறது. கட்டண உயர்வுக்கு முன் பெட்டி பெட்டியாக வாங்கி இலாபம் பார்க்கலாம் என எண்ணுபவர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். அஞ்சல்துறை தலையைப் பணமாக மாற்றித் தருவதில்லை. அவ்வளவு கடிதங்களையும் அவர் எழுதித்தான் தீர வேண்டும்.

இனி, ‘என்றும்’ என்பது எதுவரை? பிரிட்டன் தன் அன்றாடத் தலைகளில் பட்டைக்குறியீட்டைச் சேர்த்தபின், அக்குறியீடு இல்லாத பழைய அன்றாடத் தலைகள் 2023 தொடக்கத்தில் செல்லாதனவாகும் என அறிவித்தது. மக்களின் மனக்குறைக்குப் பின் அவ்வாண்டு ஜூலை 31 வரை காலம் நீட்டிக்கப்பட்டது. பழையவற்றைக் கொடுத்துப் புதியவற்றைப் பெற்றுக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. சிறப்பு வெளியீடுகளாகிய படத்தலைகள் விலக்குப் பெற்றன. ஆகவே வாங்கியவரின் பணம் பறிபோகவில்லை. எனினும் மேசை இழுப்பறையில் தலைகளைப் போட்டுவைத்துவிட்டு நிம்மதியாக இருந்த முதியவர், அவற்றை உறையிலிட்டு அனுப்பி மாற்றிக்கொள்ளும் வேலைக்கு ஆளானார். சந்திராதித்தர் காலம் பேசிய வாக்குறுதி, முப்பத்து நான்கே ஆண்டுகளில் திருத்தப்பட்டது.

ரூபாயின் நன்மை

இந்தியாவுக்கு மூவாத் தலை தேவையா என்னும் வினா எழலாம். அமெரிக்காவில் கட்டணம் அடிக்கடி ஏறுவதால் அங்கு அதற்கு இருக்கும் பயன் இங்கு இல்லை. இங்கே அஞ்சலட்டை 50 பைசாவிலும் உள்நாட்டு மடல் 2 ரூபாய் 50 பைசாவிலும் நெடுங்காலமாக நிற்கின்றன. அட்டையைக் கொண்டுசேர்க்க ஆகும் செலவு அதன் விலையைப் போலப் பன்மடங்கு. அவ்விழப்பை அஞ்சல்துறை தெரிந்தே ஏற்கிறது. விலை ஏறாத இடத்தில், விலை ஏறினாலும் செல்லும் தலைக்கு என்ன வேலை?

மற்றொரு காரணம் இன்னும் வலியது. பணியின் பெயரால் அளிக்கப்படும் வாக்குறுதி, அப்பணி இருக்கும்வரைதான் நிற்கும். இந்தியாவில் தந்தி 2013 ஜூலையில் முடிவுற்றது. நீதிமன்ற அறிவிப்பும் நிலப்பத்திரமும் சுமந்த பதிவு அஞ்சல், 2025 செப்டம்பர் 1 முதல் விரைவு அஞ்சலுடன் இணைக்கப்பட்டுவிட்டது. ‘பதிவு அஞ்சல் ஒன்று’ என மட்டும் அச்சிட்ட தலை இருந்திருந்தால், அதனைக் கையில் வைத்திருப்பவர் இன்று விளக்கம் கேட்டு நிற்க வேண்டியிருக்கும். ரூபாயும் பைசாவும் எழுதிய தலைக்கு அந்த இக்கட்டு இல்லை. அட்டைக்கென வாங்கியதை உறையில் ஒட்டலாம். உறைக்கென வாங்கியதை அயல்நாட்டுக் கடிதத்தில் சேர்க்கலாம். பணி மாறினாலும் கணக்கு மாறாது.

திருவண்ணாமலையின் கிரிவலப்பாதை பதினான்கு கிலோமீட்டர். அயல்நாட்டிலிருந்து வந்து அப்பாதையோரம் மாதக்கணக்கில் தங்குபவர்கள் பலர். அவர்களுள் ஒருவர் தம் நாட்டு ‘என்றும்’ தலையை ஒட்டி இங்குள்ள செந்நிறப் பெட்டியில் கடிதத்தை இட்டால் அது செல்லாது. அத்தலைக்குரிய பணத்தைப் பெற்றது அவருடைய நாட்டு அஞ்சல்துறை. இங்கிருந்து கடிதத்தைச் சுமக்கப்போவதோ இந்திய அஞ்சல்துறை. காலத்தைக் கடக்கும் தலையால் எல்லையைக் கடக்க முடிவதில்லை. அவர் அஞ்சலகத்துக்குச் சென்று வரிசையில் நின்று, ரூபாய் அச்சிட்ட தலைகளை வாங்கியே ஒட்ட வேண்டும்.