குதிரையும் வேட்டுச் சத்தமும்

தென் தமிழ்நாட்டில் குதிரை என்றால் முதலில் நினைவுக்கு வருவது மண்குதிரைதான். ஊர் எல்லையில், அய்யனார் கோயில் முன்பு, கண்களை உருட்டி, பற்கள் தெரிய நிற்கும் அந்தப் புரவிகளைக் குழந்தைப் பருவம் முதலே பார்த்து வந்திருக்கிறோம். இரவில் அய்யனார் அவற்றின் மீதேறி ஊரைக் காவல் காக்கிறார் என்பது நம்பிக்கை. மாடு நம்முடையது, குதிரையோ அரசனுக்கும் தெய்வத்துக்கும் உரியது என்றே மனத்தில் பதிந்து போயிற்று.

இந்த விலகலுக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. பாண்டியர் காலத்தில் குதிரைகள் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து கப்பலில் வந்தன. ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதி வைத்திருக்கிறார். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கப்பட்ட குதிரைகளில் மிகச் சிலவே பிழைத்ததையும், பேணத் தெரிந்தவர்கள் இங்கே இல்லாததே அதற்குக் காரணம் என்பதையும் குறிப்பிடுகிறார். மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் போய்க் கோயில் கட்டிய கதையும், நரிகள் பரிகளான கதையும் பிறந்தது இந்தப் பின்னணியில்தான். குதிரை நமக்கு எப்போதுமே வந்தேறிய விலைமதிப்புள்ள விருந்தாளி. வீட்டுப் பிராணி அல்ல.

எங்கள் ஊர் விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். தென்காசி மாவட்டத்திலும் இதே பெயரில் ஓர் ஊர் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1970-இல் தொடங்கப்பட்ட அரசு சிமெண்ட் ஆலையால் வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊரை அறிவார்கள். ஒருபுறம் சுண்ணாம்புக்கல் பூமி, மறுபுறம் கரிசல், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கம் போனால் பட்டாசாலைகள். இந்த நிலத்தில் நாற்பது வயதைக் கடந்த பள்ளித் தோழர்கள் இருவர் குதிரையேற்றம் பழகப் புறப்பட்டால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? சிரித்தது. ஆனாலும் நாங்கள் போனோம்.

கற்றுக்கொடுத்தவர் கல்யாண ஊர்வலங்களுக்கும் காதணி விழாக்களுக்கும் குதிரை அனுப்பும் ஒரு பெரியவர். அவரிடம் இருந்தவற்றுள் சாந்தமானது என்று ஒரு வெள்ளைப் பெட்டைக் குதிரையைத் தேர்ந்து கொடுத்தார். முதல் வாரம் ஏறவே விடவில்லை. கொள்ளு வைப்பது, குளம்பில் ஒட்டிய மண்ணைச் சுரண்டுவது, பிடரியை நீவி விடுவது, இவ்வளவுதான் வேலை. குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய நாற்புறமும் அதன் பார்வைக்குள் அடங்கும். மூக்குக்கு நேர் முன்னேயும் வாலுக்கு நேர் பின்னேயும் மட்டும் அதற்குத் தெரியாது. தெரியாத இடத்திலிருந்து எவரேனும் தொட்டால் உதைக்கும். ஆகவே தோள்பக்கமாக வந்து, குரல் கொடுத்த பிறகே தொட வேண்டும். வேட்டை விலங்குகளிடமிருந்து ஓடியே பிழைத்த இனம் அது. அஞ்சுவது அதன் குற்றமல்ல. அதுவே அதைக் காத்த அறிவு.

இரண்டாம் வாரம் தலைக்கவசம் அணிந்து, அங்கவடியில் கால் வைத்து ஏறினோம். கீழிருந்து பார்க்கையில் ஓர் ஆள் உயரம்கூட இல்லாத முதுகு, மேலே உட்கார்ந்தபின் மொட்டைமாடி விளிம்பாக மாறிவிடுகிறது. காலடியில் தரை இல்லை. மூச்சு விடும் ஓர் உடல் இருக்கிறது, அதற்கென்று ஒரு மனமும் இருக்கிறது. தொடைகள் தாமாக இறுகுகின்றன, கடிவாளத்தைக் கைகள் இழுக்கின்றன. இறுகிய தொடையைக் குதிரை "ஓடு" என்று புரிந்துகொள்கிறது. இழுத்த கடிவாளத்தை "நில்" என்று. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கும் குதிரை பாவம் என்ன செய்யும்?

"பயம் இருக்கட்டும் தம்பி, அது தொடைக்கு எறங்கக் கூடாது. மூச்சை வெளிய விடுங்க" என்பார் பெரியவர்.

"குதிரை மிரண்டா என்ன செய்றது அண்ணாச்சி?"

"அது மிரளாது. நீங்க மிரளாம இருந்தாப் போதும்."

அவர் சொன்னதன் பொருள் விளங்கியது ஒரு மாலையில். தொலைவில் ஒரு வெடிச் சத்தம் எழுந்தது. குதிரை காதுகளை மட்டும் அந்தப் பக்கம் திருப்பியது. கோயில் கொடையிலும் ஊர்வலத்திலும் கொட்டுக்கும் வேட்டுக்கும் நடுவிலேயே வளர்ந்த பிராணி அது. ஆனால் எங்கள் இருவர் உடலும் ஒருசேரச் சுருங்கியது. அதன் பிறகே, மேலே இருந்தவரின் நடுக்கம் எட்டிய பிறகே, அது பக்கவாட்டில் துள்ளியது.

பட்டாசு வட்டாரத்துக்கு வெளியே வாழ்பவர்களுக்கு வெடிச் சத்தம் என்றால் தீபாவளி. எங்களுக்கு அது வேறு. பெரிய சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடி வந்து, புகை எந்தத் திசையில் எழுகிறது, அந்தப் பக்கம் வேலைக்குப் போனவர் யார் என்று எண்ணத் தொடங்குவோம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். எங்களில் ஒருவருடைய சித்தி இப்படியொரு விபத்தில்தான் போனார். அந்தச் சத்தத்துக்குச் சுருங்கக் கற்ற உடலைச் சேணத்தின் மேல் ஏற்றி வைத்துவிட்டு, குதிரைக்கு அஞ்சுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

2009-இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே பொருந்துகிறது. ஸ்வீடனில் லிண்டா கீலிங் என்ற ஆய்வாளரின் குழு, குதிரையோடு செல்பவர்களிடம், நான்காம் முறை கடக்கையில் குடை ஒன்று சட்டென விரிக்கப்படும் என்று சொல்லி வைத்தது. குடை விரிக்கப்படவே இல்லை. ஆயினும் எதிர்பார்த்து அஞ்சிய மனிதரின் இதயத்துடிப்பு ஏறியது; ஒன்றும் அறியாத குதிரையின் இதயத்துடிப்பும் கூடவே ஏறியது. 2,300 ஆண்டுகளுக்கு முன்பு குதிரையேற்றம் பற்றி நூல் எழுதிய கிரேக்கர் செனஃபோன், மிரளும் குதிரையை அடித்து நெருக்கினால் அச்சம் பெருகவே செய்யும் என்று கண்டிருந்தார். குதிரைக்குச் சொன்னது ஏறியிருப்பவருக்கும் பொருந்தும் அல்லவா?

ஆகவே எங்கள் அச்சத்தை விரட்டும் முயற்சியைக் கைவிட்டோம். விரட்டவும் கூடாது என்றே தோன்றுகிறது. மருந்துக் கலவை அறையில் அச்சம் மறந்த கை எத்தனை பேரைக் கொண்டுபோகும் என்பது எங்கள் பகுதியில் எவருக்கும் தெரியும். அச்சம் இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இருக்கக் கூடாத இடமும் உண்டு. அதைப் பிரித்து வைப்பதே பயிற்சி. சத்தம் கேட்டால் முதலில் மூச்சை முழுவதும் வெளியே விடுவது, குதிகாலைக் கீழே அழுத்துவது, பார்வையைத் தொலைவில் வைப்பது. இவை மூன்றையும் உடல் தானாகச் செய்ய நான்கு மாதங்கள் ஆயின.

இப்போது வட்டமாக நடத்திச் செல்லவும், மெல்லத் துள்ளோட்டம் விடவும் தெரியும். அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் கற்றுவிடவில்லை. தொலைவில் வேட்டு எழும்போது இன்றும் மனம் அந்தத் திசைக்குப் போய் யாருடைய வீடோ என்று கேட்கத்தான் செய்கிறது. கேட்கட்டும். கீழே குதிரை ஒரு காதை எங்கள் பக்கம் திருப்பி, ஒரு கணம் நின்று, பிறகு நடக்கிறது.