எல்லோராவின் உளிகள்

ஔரங்காபாத்திலிருந்து ஏறக்குறைய 18 மைல் தொலைவிலுள்ள எல்லோராவை அடையும் யாத்ரீகர்களில் பெரும்பாலோர், வந்திறங்கியதும் கைலாசநாதர் ஆலயத்துக்கே விரைந்துவிடுகின்றனர். நானோ, மலைச்சரிவின் தென்கோடியில் தொடங்கும் பௌத்தக் குகைகளைக் கண்ட பின்னரே அங்குச் செல்வதென்று தீர்மானித்தேன். அந்தக் கிரமமே உகந்தது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அங்குள்ள 34 குகைகளுள் முதல் 12 பௌத்தருக்கும், அடுத்த 17 இந்து சமயத்தாருக்கும், எஞ்சியவை சமணருக்கும் உரியவை. என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது 10ஆம் குகை. ஸ்தூபியின் முன்னே, இருபுறமும் போதிசத்துவர் நிற்க, பாதங்களைத் தொங்கவிட்டு வீற்றிருக்கும் புத்தபிரானுக்கு மேலே, வளைந்த கூரை நெடுகிலும் வரிவரியாகக் கைமரங்கள், அத்தனையும் கல்! தாங்குவதற்குப் பாரமே இல்லாத அவற்றை, மரத்தால் சைத்தியம் எனும் வழிபாட்டு மண்டபம் எடுத்த முன்னோரின் முறை அழியலாகாது என்ற பக்தியினாலேயே சிற்பிகள் செதுக்கியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவ்வட்டாரத்துத் தச்சர்கள் இந்தப் புத்தரையே விசுவகர்மாவாக எண்ணி வழிபட்டு வந்தனர் என்பது எத்துணைப் பொருத்தம்!

மூன்று மாடிகள் கொண்ட 12ஆம் குகையைச் சுற்றிவந்து, ராஷ்டிரகூட மன்னன் தந்திதுர்க்கனின் கல்வெட்டைத் தாங்கிய 15ஆம் குகையினுள் நுழைந்தேன். பௌத்த விகாரமாகத் தொடங்கப்பட்டிருக்கலாம் என்று அறிஞர் கருதும் அந்த மண்டபத்துச் சுவரில் நரசிம்மர் இரணியன்மீது பாய்கிறார். இதில் சமயங்களின் போட்டியைக் காண்போர் உண்டு. நான் கண்டது, ஒரு சந்ததி கீழே வைத்த உளியை மறு சந்ததி எடுத்துத் தொடர்ந்த நேர்த்தியையே.

அப்படித் தேர்ந்த கரங்கள்தாம், 8ஆம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில், சுமார் 276 அடி நீளமும் 154 அடி அகலமும் கொண்ட முற்றத்தின் நடுவே, கைலாசநாதர் ஆலயத்தை உச்சியிலிருந்து அடிநோக்கிக் குடைந்தெடுத்தன. கட்டடமாயின் பழுதுற்ற கல்லைப் பெயர்த்து வேறு கல் வைக்கலாம். இங்கோ சிகரம் முதலிலும், யானைகள் சுமக்கும் அடித்தளம் கடைசியிலும் பிறந்தமையால், தவறிய வெட்டு ஒவ்வொன்றும் நிரந்தரமாகிவிடும். இதனை எப்படிச் செய்தோம் என்று சிற்பியே பிரமித்தானெனப் பரோடாச் செப்பேடு கூறுவதை நான் அலங்காரமாகக் கொள்ளவில்லை. ராவணன் மலையை அசைக்கும் சிற்பத்தில், அஞ்சிய பார்வதி ஈசனின் கரத்தைப் பற்ற, தோழியொருத்தி ஓடுகிறாளே, அந்த ஓட்டத்தைக் கல்லில் பிடித்தவனுக்கு அவ்வியப்பு நேர்ந்திருக்கத்தான் வேண்டும்.

இவ்வாலயத்துக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுவது பட்டடக்கல் விரூபாட்சர் கோயில். அதனை எழுப்பிய லோகமகாதேவியின் கணவனான சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தனோ, காஞ்சியை வென்றும் அங்குள்ள கைலாசநாதரின் செல்வத்தைக் கவராமல் அவருக்கே அளித்து, அச்செய்தியை அக்கோயிலிலேயே கன்னடத்தில் பொறித்துச் சென்றவன். அக்காஞ்சிக் கோயிலின் சாயலே பட்டடக்கல் வழியாக இங்கு வந்தது எனலாம்; ஆகவே, காஞ்சியைக் கண்ட தமிழருக்கு எல்லோராவின் விமானம் அந்நியமாகத் தோன்றாது.