பிஸ்லியில் ஒரு மழை நாள்

இலண்டன் மாநகரின் வாட்டர்லூ நிலையத்தில் புகையிரதம் ஏறித் தென்மேற்கே ஒரு மணித்தியாலத்துக்குள் செல்லக்கூடிய தூரத்தில் புறூக்வூட் என்னும் சிறு நிலையம் உள்ளது. அதற்கு அண்மையிலே, பைன் மரங்களுக்கும் புதர்க்காடுகளுக்கும் நடுவே, பிஸ்லி முகாம் அமைந்திருக்கிறது. 1860ஆம் ஆண்டில் விம்பிள்டனில் விக்டோரியா மகாராணி முதல் வேட்டைத் தீர்த்துத் தொடக்கிவைத்த றைபிள் போட்டிகள், 1890இல் இவ்விடத்துக்கு மாறின. யூலை மாதம் வந்ததும் பல நாட்டுக் குறிசுடும் வீரர்கள் இங்கே கூடுவது வழக்கம். இவற்றுள் தலையாயது அரசர் பரிசு. நாட்டை அரசி ஆளும் காலத்தில் அது அரசியின் பரிசு எனப் பெயர்பெறும். 1930இல் மார்ஜரி பொஸ்டர் என்னும் பெண்மணி ஆடவரையெல்லாம் வென்று அப்பரிசைப் பெற்றார்.

நான் சென்ற நாளில் காலை முதலே மழை. போட்டி நின்றுவிடும் என்று எண்ணினேன். ஆனால் ஒருவரும் கலையவில்லை. மழையங்கி அணிந்தபடி ஈரப்புல்லிலே விரிப்பிட்டுக் குப்புறப் படுத்திருந்தார்கள். இலக்கோ 1000 யார் தூரத்தில், அரை மைலுக்கும் அப்பால், நின்றது. அதன் நடுவட்டம் ஏறத்தாழ இரண்டடி அகலமானது. வெறுங்கண்ணுக்கு அது ஒரு புள்ளியாகவும் தோன்றாது.

மழைத்துளிகள் குண்டைத் திசை திருப்பிவிடாவோ என்று அருகில் நின்ற முதியவர் ஒருவரை வினவினேன். அவர் முறுவலித்தார். "துளிகளால் வரும் கேடு மிகச் சிறிது. ஈரக் காற்றும் பலர் நினைப்பதுபோல் கனமானதன்று. நீராவி கலந்த காற்று உலர்ந்த காற்றைவிடச் சற்று இலேசானது. மழை வானத்தில் செய்வதைவிட நம் கையிலும் கண்ணிலும் செய்வதே அதிகம்" என்றார்.

தோட்டா நனையலாகாது என்பது அவர் கூறிய முதற்பாடம். வெடிக்கும்போது பித்தளைக் கூடு விரிந்து துப்பாக்கியின் அறைச்சுவரை இறுகப் பற்றவேண்டும். இடையிலே நீர் இருந்தால் பிடி வழுக்கும். அதிர்ச்சி முழுவதும் பின்பூட்டைத் தாக்கும். குண்டு செல்லும் உயரமும் பிசகும். பழைய லீ என்பீல்டு துப்பாக்கிகளில் இக்குறை நன்கறியப்பட்டதாம். ஆகவேதான் வீரர்கள் தோட்டாக்களைக் குழந்தையைப்போல் துணியால் மூடிக் காத்தனர். குறிபார்க்கும் சிறு துளையில் ஒரு சொட்டு நீர் நின்றாலும் இலக்கு மங்கிப்போகும்.

அப்பொழுது எம் முன்னே ஓர் இளைஞரின் முறை வந்தது. அதுவரை அவருடைய குண்டுகள் நடுவட்டத்தை விட்டு விலகவில்லை. வெற்றி பெறுவதற்கு இனி ஒரு புள்ளியும் இழத்தல் ஆகாது. அவர் நிமிர்ந்து கொடிகளை நோக்கினார். அவை கம்பத்தோடு ஒட்டித் தொங்கின. காற்று அடங்கியதென எண்ணிக் குறிகாட்டியைத் திருத்தினார். முதியவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். தனியார் போட்டியில் பிறர் யோசனை கூறலாகாது என்பது விதி.

வெடி முழங்கியது. இலக்குப் பலகை குழிக்குள் இறங்கி மீண்டும் எழுந்தது. குண்டு நடுவட்டத்துக்கு வெளியே வலப்புறம் பட்டிருந்தது.

போட்டி முடிந்தபின் முதியவர் அவ்விளைஞரை அணுகி, "கொடி நனைந்தால் கனக்கும், மெல்லிய காற்றுக்கு அது அசையாது. நீர் கொடியை நம்பினீர், சாய்ந்து விழுந்த மழையைக் காணவில்லை" என்று பரிவோடு சொன்னார். மணிக்கு மூன்று மைல் காற்றைத் தவறவிட்டாலே அத்தூரத்தில் குண்டு ஏறக்குறைய இரண்டடி விலகிவிடுமாம்.

இளைஞர் சிறிது நேரம் மௌனமாக நின்றார். பின்பு முதியவரின் கையைப் பற்றி நன்றி கூறிவிட்டு, துப்பாக்கியின் குழாயைத் துடைக்கலானார்.

மாலையில் நான் புகையிரத நிலையத்துக்குத் திரும்பும்போதும் மழை ஓயவில்லை. கொடிகள் அசைவின்றித் தொங்கின. ஆயினும் என் குடையை ஒரு மெல்லிய காற்று இடப்புறமிருந்து தள்ளிக்கொண்டேயிருந்தது.