கொம்பு இடம் மாறிய நாள்



2012ஆம் ஆண்டில் நடந்த நிகழ்வு இது. அப்போது நான்காம் ஆண்டு மாணவர்களுக்குத் தமிழ்மொழி கற்பித்துக் கொண்டிருந்தேன். பெற்றோர் தின விழாவில் திரையிடுவதற்காக, மாணவர்கள் பன்னிருவர் ஆளுக்கொரு கதை சொல்லும் காணொளியைத் தயாரித்தோம். ஒளிப்பதிவு முடிந்த அன்று மாணவன் ஒருவன் என் மேசையருகே வந்து தயங்கி நின்றான்.

"சார், எங்க அம்மாவுக்குக் காது கேக்காது. டிவியில படம் போடுறப்ப கீழே எழுத்து வருமே, அது மாதிரி என் கதைக்குப் போடுவீங்களா? மலாய்ல வேணாம் சார். அம்மா தமிழ்தான் நல்லாப் படிப்பாங்க."

அந்தத் தாய் தமிழ்ப்பள்ளியில் பயின்றவர். பின்னாளில் நோயினால் செவித்திறனை இழந்தவர். நம் நாட்டுத் தொலைக்காட்சியில் தமிழ்ப் படங்களுக்கு மலாய் வசன வரிகள் ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம் பிள்ளைகள். தமிழ்ப் பேச்சுக்குத் தமிழிலேயே வரி வேண்டும் என்று முதன்முதலாக என்னிடம் கேட்டவன் அவன்தான். செய்து தருவதாக வாக்களித்தேன்.

வசன வரி என்பது காணொளிக்குள் இருக்கும் ஒன்று என நெடுநாள் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அது தனிக் கோப்பு. எஸ்ஆர்டி எனப்படும் எளிய வடிவத்தைச் சாதாரண எழுத்துக் கோப்பாகவே நாம் தட்டச்சு செய்யலாம். ஒவ்வொரு வரித் தொகுதியும் இப்படி அமையும்:

1
00:00:05,000 --> 00:00:08,500
ஓர் ஊரில் ஒரு பெரியவர் இருந்தார்.

முதலில் வரிசை எண், அடுத்து வரி தோன்றும் நேரமும் மறையும் நேரமும், அதன்பின் வாசகம், இறுதியில் ஒரு வெற்று வரி. கோப்பின் பெயரும் காணொளியின் பெயரும் ஒன்றாக இருந்து, இரண்டும் ஒரே கோப்புறையில் இருந்தால், பெரும்பாலான காணொளி இயக்கிகள் தாமாகவே இணைத்துக் காட்டும்.

ஓர் இரவு முழுதும் அமர்ந்து அம்மாணவனின் கதைக்கு மட்டும் வரிகளை அமைத்தேன். முதல் முயற்சியில் திரை முழுதும் கேள்விக்குறிகள்! கோப்பைச் சேமிக்கும்போது 'ஆன்சி' என்ற பழைய குறியீட்டிலேயே விட்டிருந்தேன். அதில் தமிழுக்கு இடமில்லை. யுடிஎஃப்-8 என மாற்றிச் சேமித்ததும் என் மடிக்கணினியில் தமிழ் அழகாக வந்தது. மகிழ்ச்சியோடு உறங்கப் போனேன்.

விழா நாள். பள்ளி மண்டபத்தில் இருந்த கணினியில் வேறோர் இயக்கி இருந்தது. அவனுடைய கதை தொடங்கியது. கீழே எழுத்துகளும் வந்தன. ஆனால் 'பெரியவர்' என்ற சொல்லில் கொம்பு 'ப'வுக்குப் பின்னால் நின்றது. 'தேவை' என்ற சொல்லில் இரட்டைக் கொம்பும் இணைக்கொம்பும் தத்தம் எழுத்தை விட்டு விலகிக் கிடந்தன. மண்டபத்தில் சிலர் சிரித்தனர்.

முன்வரிசையில் அமர்ந்திருந்த அந்தத் தாய் இரண்டு வரிகளைப் படிக்க முயன்று பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். மகன் எழுந்து வகுப்பறைக்கு ஓடினான். தான் கதை எழுதிய பயிற்சிப் புத்தகத்தைக் கொண்டு வந்து தாயின் மடியில் விரித்து வைத்தான். திரையில் அடுத்த மாணவியின் கதை ஓடிக்கொண்டிருக்க, அவர் விரல் வைத்துத் தன் மகனின் கதையைப் படித்தார். எனக்கு ஏற்பட்ட வெட்கம் இன்றும் மறையவில்லை. விழாவுக்கு முன் அந்தக் கணினியில் ஒரு முறை ஓட்டிப் பார்த்திருக்கலாம். ஐந்து நிமிடம் கூட ஆகியிருக்காது.

காரணத்தைப் பின்னர்தான் அறிந்தேன். 'பெ' என்பதில் முதலில் கொம்பை எழுதி, அடுத்து 'ப' எழுதப் பழக்குகிறோம். ஆனால் யுனிகோடில் அது ஒலிக்கும் முறைப்படி, முதலில் 'ப', அடுத்து எகரக் குறி எனச் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது, எழுத்தை வரைந்து காட்டும் மென்பொருளின் வேலை. அந்த வேலையை அறியாத இயக்கி, சேமித்த வரிசையிலேயே எழுத்துகளைக் கொட்டிவிடும். கோப்பில் பிழையில்லை, எழுத்துருவிலும் பிழையில்லை, இடையில் இருக்கவேண்டிய அறிவுதான் இல்லை.

மறுவாரம், எழுத்துகளைக் காட்சியோடு சேர்த்தே பதித்து, வட்டில் ஏற்றி அவன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். பதித்துவிட்டால் எந்த இயக்கியிலும் எழுத்து உருமாறாது. அந்தத் தாய் மகனிடம் ஒரு கேள்வி மட்டும் சொல்லியனுப்பினார்: "மத்தப் பிள்ளைங்க கதைக்கு எழுத்து இல்லையா?"

அப்பொழுதுதான் உறைத்தது. அவர் தம் மகனை மட்டும் பார்க்க வந்தவர் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். மண்டபத்தில் இருந்த மற்றவர்களைப் போல அவரும் பன்னிரண்டு கதைகளையும் கேட்க வந்தவர்தானே! பள்ளி விடுமுறையில் எஞ்சிய பதினொரு கதைகளுக்கும் வரிகளை அமைத்து முடித்தேன்.

அதன் பயன் நான் எதிர்பாராதது. அக்காணொளியை வகுப்பில் மீண்டும் திரையிட்டபோது, வாசிப்பில் பின்தங்கிய மாணவர்கள் நண்பர்களின் குரலோடு சேர்ந்து வரிகளையும் முணுமுணுத்தனர். இந்தியாவில் பிரிஜ் கோத்தாரி என்பவர், பாடலின் மொழியிலேயே திரையில் வரிகளைக் காட்டி மக்களின் வாசிப்பை வளர்க்கலாம் என்ற கருத்தை 1996இலேயே முன்வைத்து உழைத்து வருகிறார் என்பதைப் பிறகு படித்தறிந்தேன்.

இன்று நிலைமை பெரிதும் மேம்பட்டுள்ளது. 2018இல் வெளிவந்த விஎல்சி 3.0 பதிப்பில், ஹார்ஃபஸ் என்னும் எழுத்து வடிவமைப்பு நிரலின் துணை சேர்க்கப்பட்டது. கொம்பை உரிய இடத்தில் வைப்பது அதன் பணிகளுள் ஒன்று. ஆயினும் நம் பள்ளிகளில் பழைய கணினிகளும் பழைய பதிப்புகளும் உள்ளன. ஆகவே, என் அனுபவத்தில் கண்ட சில குறிப்புகள்:

1. எஸ்ஆர்டி கோப்பை எப்போதும் யுடிஎஃப்-8 குறியீட்டில் சேமியுங்கள்.

2. எஸ்ஆர்டியில் நொடிக்குப் பின் காற்புள்ளி வரும்; இணையத்திற்கான வெப்விடிடி வடிவத்தில் அதே இடத்தில் புள்ளி வரும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டா.

3. எழுத்துரு, நிறம், இடம் ஆகியவற்றையும் நாமே முடிவு செய்ய விரும்பினால் ஏஎஸ்எஸ் வடிவம் ஏற்றது. எம்கேவி கோப்பினுள் வரிகளோடு எழுத்துருவையும் சேர்த்து வைக்கலாம்.

4. ஒரு நேரத்தில் இரண்டு வரிகளுக்கு மேல் வேண்டா. நாம் படிக்கும் வேகத்தில் அன்று, நம் வகுப்பில் மெதுவாகப் படிக்கும் மாணவனின் வேகத்தில் நேரத்தை அமையுங்கள்.

5. திரையிடப் போகும் கணினியிலேயே முன்கூட்டி ஓட்டிப் பாருங்கள். ஐயம் இருந்தால் எழுத்தைக் காட்சியோடு பதித்துவிடுங்கள்.

மாணவன் கொம்பை இடம் மாற்றி எழுதினால் சிவப்பு மையால் திருத்துகிறோம். அன்று திரையில் இடம் மாறிய கொம்புக்கு நான்தான் பொறுப்பு. அந்த ஆண்டு முதல், என் வகுப்புக் காணொளி எதுவும் வசன வரி இல்லாமல் மண்டபத்திற்குப் போனதில்லை.