ஓசியில் வந்த பதினோரு பேர்

ஓசியில் கிடைத்தால் ஃபினாயிலைக்கூடக் குடிப்பான் என்று நம் ஊரில் ஒரு வசனம் உண்டு. அதை யாரோ என் நண்பனைப் பார்த்த பிறகுதான் சொல்லியிருக்க வேண்டும்.

நண்பன் என்றால் பி.காம். மூன்று வருஷமும் ஒரே பெஞ்ச். இப்போது கோடம்பாக்கத்தில் ஒரு இஸ்திரிக் கடைக்கு மேல் மாடியில் வெப் டிசைன் கம்பெனி நடத்துகிறான். கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடம், ஏ.சி., லிஃப்ட் என்றெல்லாம் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். பத்துக்குப் பதினாலு ரூம். அவனையும் சேர்த்து ஐந்து பேர். ஆறாவதாக அரை நாள் ஆசாமி ஒருவன் உண்டு. ஜி.எஸ்.டி., கரண்ட் பில், டீக்கடைப் பாக்கி எல்லாம் அவன் பொறுப்பு. அது அடியேன். மீதி அரை நாளில்தான் இப்படி எழுதி உங்கள் உயிரை வாங்குகிறேன்.

ஒரு நாள் நண்பன் முகமெல்லாம் பல்லாக வந்தான்.

‘‘டேய், இனிமே நம்ம ஆபீஸ்ல வேலை ரெண்டு மடங்கு நடக்கப் போகுது. அதுவும் பைசா செலவில்லாம!’’

பைசா செலவில்லாமல் என்று யாராவது சொன்னால் காமர்ஸ் படித்தவன் உஷாராகியிருக்க வேண்டும். நான் ஆகவில்லை. ‘‘அப்படியா!’’ என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

இன்டர்நெட்டில் எல்லாமே இலவசம் ஸார்! அரட்டைக்கு ஒன்று. வேலைகளை அட்டை அட்டையாக ஒட்டி வைக்க ஒன்று. யார் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்று கணக்கெடுக்க ஒன்று. வீடியோவில் பேச ஒன்று. வாடிக்கையாளரிடம் விவரம் கேட்டு வாங்கும் படிவத்துக்கு ஒன்று. கணக்குகளைப் பகிர்ந்துகொள்ள ஒன்று. படம் வரைய, படத்தின் எடையைக் குறைக்க, புரோகிராமைப் பத்திரப்படுத்த, வெப்சைட்டின் வேகத்தை அளக்க என்று தலைக்கு ஒன்று.

இது போதாதென்று தக்காளி ஒன்று. சிரிக்காதீர்கள். 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிக்காரர், தக்காளி வடிவத்தில் இருந்த சமையலறைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு படிப்பாராம். 25 நிமிஷம் வேலை, பிறகு 5 நிமிஷம் ஓய்வு. ‘பொமொடோரோ’ என்று அதற்குப் பெயர். இத்தாலியில் தக்காளி என்று அர்த்தம். எங்கள் ஆபீஸில் 25 நிமிஷத்துக்கு ஒரு தரம் ஐந்து கம்ப்யூட்டரும் ஒரே குரலில் ‘டிங்’ என்றன. எல்லோரும் எழுந்து டீ குடிக்கப் போனார்கள். டீக்கடைப் பாக்கி மட்டும் அந்த மாதம் ஜோராக வளர்ந்தது.

மொத்தம் பதினொன்று. ஒரு கிரிக்கெட் டீமே வைத்திருந்தோம். ஆனால், மேட்ச்சில் தோற்றோம்.

எப்படித் தோற்றோம் என்பதைச் சொல்கிறேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் தாம்பரம் பக்கம் கல்யாண மண்டபம் வைத்திருக்கிறார். அவருக்கு வெப்சைட் செய்து கொடுத்தோம். அதில் போன் நம்பரின் கடைசி எண் தப்பாக இருந்தது. அவர் உடனே எனக்குச் செய்தி அனுப்பினார். நான் அதை அப்படியே எங்கள் அரட்டைப் பெட்டியில் போட்டேன். நாலு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். ஆஹா, வேலை முடிந்தது என்று நான் வேறு கணக்கைப் பார்க்கப் போய்விட்டேன்.

அந்தக் கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? ‘பார்த்துட்டேன், வேற யாராவது செய்வாங்க’ என்று அர்த்தம்!

ஒன்பது நாள் கழித்து மனிதர் நேரில் வந்தார். ஆவணி முகூர்த்த சமயம். மண்டபம் கேட்டு வந்த போனெல்லாம் யாரோ ஒரு ரிட்டயர்டு பெரியவர் வீட்டுக்குப் போயிருக்கிறது. அவரும் பொறுமையாக ‘ராங் நம்பர்’ சொல்லிச் சொல்லி அலுத்திருக்கிறார். இரண்டு கல்யாணம் வேறு மண்டபத்துக்குப் போய்விட்டதாம்.

அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. நிதானமாக எங்கள் சுவரைப் பார்த்தார். ‘‘தம்பி, அன்னிக்கு நானே வந்து இந்தச் செவத்துல கரியால எழுதிட்டுப் போயிருந்தாகூட நீங்க யாராவது பாத்திருப்பீங்க’’ என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

நண்பனுக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த வெப்சைட்டைச் செய்தது திண்டிவனத்துப் பையன். எங்களில் சின்னவன். வேலையில் சேர்ந்து ஆறு மாதம்தான். ‘‘கண்ணு தெரியலையா உனக்கு? சம்பளம் எதுக்கு வாங்கறே?’’ என்று நண்பன் பொரிந்து தள்ளினான். பையன் தலையைக் குனிந்துகொண்டு ‘‘ஸாரி சார்’’ என்றான்.

நான்? வாயைத் திறக்கவில்லை. கால்குலேட்டரில் எதையோ தட்டுவதுபோல் பாவனை செய்தேன். செய்தியைத் தவறான இடத்தில் போட்டவன் நான். அந்த அரட்டைப் பெட்டியைச் சிபாரிசு செய்ததும் நான்தான்.

சாயங்காலம் டீக்கடையில் பையன் சொன்னான். ‘‘அண்ணே, இந்த மாசத்தோட நின்னுடலாம்னு பாக்கறேன். ஊர்ல மாமா கடையிலேயே உக்காந்துடறேன். எனக்கு இந்த வேலை சரிப்படாது போல.’’

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. சும்மா படுத்திருப்பானேன் என்று எழுந்து ஒரு பேப்பரில் கணக்குப் போட்டேன். ஒரு கருவியைத் திறந்து, பார்த்து, பதில் போட்டு, மூடிவிட்டு, விட்ட வேலைக்குத் திரும்ப நாளைக்குப் பத்து நிமிஷம் என்று வைத்துக்கொண்டேன். பதினோரு கருவிக்கு 110 நிமிஷம். ஐந்து பேருக்கு 550 நிமிஷம். அதாவது 9 மணி 10 நிமிஷம்!

எங்கள் ஆபீஸ் காலை ஒன்பதரை முதல் மாலை ஆறரை வரை. ஐந்து பேர் சம்பளம் வாங்க, நாலு பேர் வேலைதான் நடக்கிறது. ஐந்தாவது ஆளின் நாள் முழுக்க இலவசக் கருவிகளுக்கு ஊழியம். ஓவர் டைம் வேறு பத்து நிமிஷம்! பற்று-வரவில் இந்தச் செலவுக்கு ஒரு தலைப்பே கிடையாது. அதனால்தான் இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை.

மறுநாள் காலை அந்தப் பேப்பரோடு போய் நண்பன் முன்னால் நின்றேன். முதல் வேலையாக, எல்லோர் எதிரிலும், ‘‘நேத்து நீ திட்டினது தப்பான ஆளை. அந்த மெசேஜைத் தப்பான இடத்துல போட்டுட்டுத் தூங்கினவன் நான்’’ என்றேன். நண்பன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு பையனிடம் போய், ‘‘மனசுல வெச்சுக்காதடா’’ என்று தோளைத் தட்டினான். இலவசமாகக் கிடைப்பவற்றில் உருப்படியானது அது ஒன்றுதான் என்று தோன்றியது.

அப்புறம் பதினொன்றையும் வரிசையாக எழுதி இரண்டாகப் பிரித்தோம். வேலை செய்கிற கருவிகள் ஒரு பக்கம். வேலையைப் பற்றிப் பேசுகிற கருவிகள் இன்னொரு பக்கம்.

முதல் பக்கத்தில் நாலுதான் தேறின. வரைவதற்கு ஃபிக்மா. படத்தின் எடையைக் குறைக்க கூகுள்காரர்களின் ஸ்குவூஷ். புரோகிராமைப் பத்திரப்படுத்த கிட்ஹப். வேகத்தை அளந்து நூற்றுக்கு மார்க் போடும் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ். இந்த நாலும் நிஜமாகவே கைகொடுப்பவை. மண்டபத்துக்காரர் சைட்டின் முகப்பில் போட்டோகிராபர் கொடுத்த 4 எம்.பி. படம் ஒன்று உட்கார்ந்திருந்தது. போனில் பார்த்தால் மார்க் 38. படத்தை இளைக்க வைத்தோம், 91 ஆயிற்று. தொண்ணூறு தாண்டினால் பச்சைக் கலர். பையன் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

பேசுகிற பக்கத்தில் ஏழு. அதில் கணக்குக்கு கூகுள் ஷீட்ஸ், வேலைக்கு ட்ரெல்லோ பலகை, இரண்டை மட்டும் வைத்துக்கொண்டோம். ஒரே ரூமில் முழங்கை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஐந்து பேருக்கு அரட்டைப் பெட்டி எதற்கு ஸார்? திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டால் போதாதா? தக்காளியையும் ரசத்துக்கே அனுப்பிவிட்டோம்.

அந்தப் பலகை பெரிய மந்திரமில்லை. ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ என்பவர் கொண்டுவந்த ‘கான்பன்’ அட்டை முறையின் வாரிசு அது. செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது என்று மூன்று பத்தி. நாங்கள் சேர்த்துக்கொண்டது மூன்றே சட்டம்தான். வாடிக்கையாளர் எந்த வழியாகச் சொன்னாலும் அது உடனே அட்டையாக வேண்டும். ஒரு அட்டைக்கு ஒரே ஒரு பெயர், ஒரு தேதி. யார் கையிலும் ஒரே சமயத்தில் இரண்டு அட்டைக்கு மேல் கூடாது. கட்டைவிரலுக்கு அங்கே வேலையே இல்லை.

இலவசம் என்பதற்காக யாரையும் குறை சொல்லவில்லை. 2011-ல் வந்த அந்த ட்ரெல்லோவையே 2017-ல் அட்லாசியன் என்ற ஆஸ்திரேலிய கம்பெனி 42 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. ஓசிப் பலகைக்கு இத்தனை விலை கொடுப்பவர்கள் அசடுகளா என்ன? இன்று இலவசமாக நுழைபவர்களில் சிலர் நாளை காசு கொடுப்பார்கள் என்பதுதான் வியாபாரம். கூகுள் போட்டோஸில்கூட அளவில்லாத இலவசம் 2021 ஜூன் 1-ம் தேதியோடு நின்றது. ஆகவே, எது வந்தாலும் எங்கள் ஃபைல்களின் நகல் ஒன்று தனி ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நகல் எடுப்பது என் வேலை. என் பெயரில் அட்டை இருக்கிறதே!

மண்டபத்துக்காரர் போகவில்லை. நம்பரைத் திருத்தினோம், அந்த வருஷப் பராமரிப்புக் கட்டணத்தை வேண்டாம் என்றோம். தை மாத முகூர்த்தத்துக்கு இன்னும் நாலு படம் சேர்க்கச் சொன்னார். பையனும் திண்டிவனம் போகவில்லை. இப்போது புதிதாகச் சேருபவர்களுக்குப் பலகையை விளக்குவதே அவன்தான்.

இவ்வளவும் தெரிந்தவன் திருந்திவிட்டேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? போன வாரம் ஆபீஸிலிருந்து கிளம்பும்போது வீட்டிலிருந்து செய்தி வந்தது: ‘வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க.’ பழக்க தோஷம். கட்டைவிரலை உயர்த்திவிட்டு, வெறும் கையோடு வீட்டுக்குப் போய் நின்றேன்.

என் மனைவி போனில் இருந்த படத்தைக் காட்டிக் கேட்டாள்:

‘‘இப்ப இந்தக் கட்டைவிரலையா ரசத்துல கிள்ளிப் போடறது?’’